தௌண்ட் ஜங்ஷன்: நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளியோ பொங்கலோ நெருங்கிவிட்டால் ரஞ்சன்காவ், ஷிரூர், ஷிக்ராபூர் பக்கத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். "டிக்கெட் கிடைத்ததா?" என்பது முதல் கேள்வி. "எங்கே ஏறப் போகிறீர்கள், புனேயிலா தௌண்டிலா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ரயில்வேக்காரர்களால்தான் முடியும். இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு சம்பவம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஈரோட்டிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர் வண்டியில் தௌண்டில் இறங்கி, மாப்பிள்ளை வீட்டில் நான்கு நாள் தங்கி, மகாகணபதியைத் தரிசனம் செய்துவிட்டு, அங்கிருந்து காசிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. பெரியவருடைய தாயார் காலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. காசியில் செய்ய வேண்டிய காரியத்துக்கு நாளும் குறித்து, புரோகிதருக்கும் சொல்லியாயிற்று. வந்து இறங்கிய அதே தௌண்ட் ஸ்டேஷனுக்கு, வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே மாப்பிள்ளை அவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். நேரம் நெருங்கியும் அறிவிப்பு இல்லை. பலகையில் வண்டியின் பெயரும் இல்லை. விசாரணைக் கவுண்டரில் டிக்கெட்டைக் காட்டியபோதுதான் தெரிந்தது, அந்த வண்டி இந்த ஸ்டேஷனுக்கே வராது என்று. டிக்கெட்டில் இருந்தது 'தௌண்ட் கார்டு லைன்'. அது வேறு ஸ்டேஷன். ஆட்டோ பிடித்து, நான்கு பெட்டிகளையும் கங்கைச் சொம்பையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது தண்டவாளம் காலியாக இருந்தது. குறித்த நாளில் காசிக்குப் போய்ச் சேர முடியவில்லை.

இதில் மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரோடு இரண்டு ஸ்டேஷன் இருப்பது யாருக்கு உடனே தோன்றும்? ஆனால் ஏன் இரண்டு என்று புரிந்துகொண்டால் இந்தத் தவறு மறுபடி நடக்காது. அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

மும்பையிலிருந்து தாணாவுக்கு 1853இல் முதல் ரயிலை ஓட்டிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, 1858இல் புனேக்குப் பாதை போட்டது. அடுத்த ஆண்டே பாதை தௌண்டைக் கடந்து பார்சி ரோடு வரை, அதாவது இன்றைய குர்டுவாடி வரை போய்விட்டது. 1860இல் சோலாப்பூர். இன்னொரு பக்கம் சென்னை ராயபுரத்திலிருந்து 1856இல் கிளம்பிய மதராஸ் ரயில்வே வடமேற்கே நீண்டுகொண்டே வந்தது. இரண்டும் 1871இல் ராய்ச்சூரில் சந்தித்தன. நாம் இன்று ஊருக்குப் போகும் பாதை அன்று பிறந்ததுதான். அப்போதெல்லாம் தௌண்ட் ஒரு சாதாரண வழி ஸ்டேஷன். ஆங்கிலேயர்கள் அதை 'தோண்ட்' என்று எழுதி வைத்தார்கள். நம் காதுக்குக் கிணறு தோண்டச் சொல்வதுபோல் இருக்கும்! பழைய ரயில்வே ஏடுகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

தௌண்டை ஜங்ஷனாக்கியது 1878. அந்த ஆண்டு இங்கிருந்து வடக்கே அகமத்நகர் வழியாக மன்மாடுக்கு ஒரு பாதை திறக்கப்பட்டது. சுமார் 235 கிலோமீட்டர். இந்தப் பாதை ஏன் தேவைப்பட்டது என்பதை வரைபடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். மும்பை கடலோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புனே வர போர்காட் மலையேற வேண்டும். நாசிக், மன்மாடு பக்கம் போக தல்காட் மலையேற வேண்டும். இரண்டு பாதைகளும் கல்யாணில் பிரிகின்றன. ஆக, சென்னையிலிருந்து வடக்கே போகும் ஒருவர், தக்காண மேட்டில் இருந்துகொண்டே, போர்காட்டில் கீழே இறங்கி, கல்யாணில் திரும்பி, தல்காட்டில் மறுபடி மேலே ஏற வேண்டியிருந்தது. தூரமும் 400 கிலோமீட்டருக்கு மேல். தௌண்ட்–மன்மாடு பாதை இரண்டு மலைகளையும் ஒதுக்கிவிட்டு மேட்டின் மேலேயே நேராக வடக்கே போனது. இன்றைக்கும் பெங்களூரிலிருந்து டெல்லி போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் சோலாப்பூர், தௌண்ட், மன்மாடு என்று இந்தப் பாதையில்தான் போகிறது. சென்னையிலிருந்து ஷீரடிக்கு வாரம் ஒரு முறை வரும் வண்டியும் அப்படித்தான். (அகமத்நகருக்கு 2024இல் அகில்யாநகர் என்று பெயர் மாற்றப்பட்டது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள்.)

மூன்றாவதாக 1914இல் பாராமதிக்கு ஒரு கிளை போட்டார்கள். அன்று அது குறுகிய பாதை, இரண்டரை அடி அகலம்தான். பின்னாளில் அகலப் பாதையானது. இப்படி நான்கு திசைகளில் பாதை பிரிந்ததும் தௌண்ட் ரயில்வே ஊராகவே வளர்ந்தது. நீராவி காலத்தில் இங்கே பெரிய இஞ்சின் கொட்டகை இருந்தது. ஊழியர் குடியிருப்புகள் வந்தன. நம் ஜோலார்பேட்டை எப்படியோ, இவர்களுக்குத் தௌண்ட் அப்படி. ஊரைவிட ஸ்டேஷன் பெயர்தான் நாடு முழுவதும் தெரியும்.

இனி அந்த 'கார்டு லைன்' விஷயம்.

மன்மாடு பாதை தௌண்ட் ஸ்டேஷனை வந்து சேருவது மேற்குப் பக்கத்தில், அதாவது புனே பக்கத்து முனையில். சோலாப்பூரிலிருந்து வரும் வண்டி கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறி அப்படியே வடக்கே திரும்பிப் போய்விடும். தொந்தரவில்லை. ஆனால் புனேயிலிருந்து மன்மாடு போகும் வண்டி மேற்கே நுழைந்து, மறுபடி மேற்கேதான் வெளியேற வேண்டும். எனவே இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிக்கொண்டு போய், வாலில் மாட்டி, பிரேக் குழாய்களை இணைத்துச் சோதித்து, பிறகு கிளப்ப வேண்டும். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். முன்னே பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் பின்னே பார்த்துப் பயணம் செய்வார்கள். நம் ஈரோட்டிலும் இதே கதை உண்டு. கரூர் பக்கத்திலிருந்து வந்து சேலம் போகும் வண்டிகள் அங்கே திசை மாற வேண்டியிருந்தது. 2013இல் நாமக்கல் வழியாகச் சேலம்–கரூர் பாதை திறந்த பிறகு அந்த வேலை குறைந்தது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரின் பெரிய ஸ்டேஷனும் இப்படி ஒரு முட்டுச் சந்துதான். போன வழியேதான் திரும்ப வேண்டும். ஆனால் அங்கே ஓடும் விரைவு வண்டிகளுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து போனால் போதும், சில நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். நம் புறநகர் மின்சார வண்டியும் வந்தே பாரத்தும் அதே மாதிரி அமைப்புதான். தனி இஞ்சின் இழுக்கும் நீண்ட தூர எக்ஸ்பிரஸ்களுக்குத்தான் இந்தப் பாடு.

இதற்குத் தீர்வாகத்தான் ஊருக்கு வெளியே, புனே பாதையையும் மன்மாடு பாதையையும் நேராக இணைத்து ஒரு குறுக்குத் தண்டவாளம் போட்டார்கள். முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் மாதிரி. இதைத்தான் கார்டு லைன் என்கிறார்கள். ஆனால் வண்டி மெயின் ஸ்டேஷனுக்குள் வராமல் போனால் தௌண்ட்காரர்கள் எங்கே ஏறுவது? அதற்காக அந்தக் குறுக்குப் பாதையிலேயே ஒரு சிறு ஸ்டேஷன் கட்டினார்கள். அதுதான் 'தௌண்ட் கார்டு லைன்'. மெயின் ஸ்டேஷனின் குறியீடு டி.டி. இதன் குறியீடு டி.டி.சி.சி. டிக்கெட்டில் இந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டால் போதும், அலைச்சல் மிச்சம்.

சுருக்கமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பக்கம் போகும், அங்கிருந்து வரும் வண்டிகளுக்கு மெயின் ஸ்டேஷன். புனேயிலிருந்து கிளம்பி அகமத்நகர், மன்மாடு வழியாக வடக்கே காசி, பாட்னா, டெல்லி என்று போகும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் கார்டு லைன். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், சில வண்டிகள் இன்னமும் மெயின் ஸ்டேஷனுக்கு வந்து இஞ்சின் மாற்றிக்கொள்வது உண்டு. ஆகவே டிக்கெட்டே சாட்சி, மற்றவர்கள் சொல்வது சாட்சியல்ல. சந்தேகம் வந்தால் 139க்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

சரி, புனேயா தௌண்டா?

தூரக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ரஞ்சன்காவிலிருந்து புனே ஸ்டேஷன் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாவரா வழியாகத் தௌண்ட் போனால் சுமார் 60. ஆனால் நகர் ரோடில் ஷிக்ராபூரையும் வாகோலியையும் மாலை நேரத்தில் தாண்டியவர்களுக்குத் தெரியும், அங்கே கிலோமீட்டருக்கு மதிப்பில்லை. தௌண்ட் சாலை கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. கரும்பு வெட்டும் காலத்தில் இரட்டை டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். பின்விளக்கு இல்லாத டிரெய்லர்களும் வரும், இரவில் ஜாக்கிரதை. மற்றபடி நேரத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்ப முடியும். இன்னொரு சாதகம், மும்பையிலிருந்து வரும் வண்டி புனேயை விட்டுத் தௌண்ட் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயந்திர ஷிப்ட் முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். ஊரிலிருந்து திரும்பி வரும்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிடலாம்.

பாதகமும் சொல்ல வேண்டும். தௌண்டில் வண்டி நிற்பது சில நிமிடம்தான். கைக்குழந்தை, வயதானவர்கள், ஏழெட்டுப் பெட்டி என்று போகிறவர்கள், வண்டி அதிக நேரம் நிற்கும் புனேயிலேயே ஏறுவது நல்லது. நடு இரவில் தௌண்டில் இறங்கினால் ரஞ்சன்காவுக்கு எஸ்.டி. பஸ் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விடியும்வரை வெயிட்டிங் ரூமில் இருந்துவிட்டுக் கிளம்பலாம், அல்லது முன்கூட்டியே வண்டி ஏற்பாடு செய்துகொள்ளலாம். வாகனம் இல்லாதவர்கள் தௌண்டில் இறங்கி, உள்ளூர் ரயிலைப் பிடித்துப் புனே போய், அங்கிருந்து ஷிரூர் பஸ் ஏறுவதும் உண்டு. புனே–தௌண்ட் மார்க்கத்தில் 2017இல் டெமு வண்டிகள் ஓட ஆரம்பித்தன. அந்த வழியில் உருளி, கேட்காவ் போன்ற சிறு ஸ்டேஷன்களிலும் அவை நிற்கும்.

கோயம்புத்தூர், நாகர்கோவில், கன்னியாகுமரி, சென்னை என்று தெற்கே போகும் வண்டிகளில் பெரும்பாலானவை தௌண்ட் வழியாகவே போகின்றன. மும்பையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஜயந்தி ஜனதா இப்போது புனே–கன்னியாகுமரி வண்டியாக இங்கிருந்தே கிளம்புவது நமக்கு வசதி. ஆனால் ஒன்று: தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் புனேயிலிருந்து மிரஜ், ஹூப்ளி வழியாகப் போகும். அது தௌண்டுக்கு வராது. நெல்லைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது தௌண்டில் ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

முதலாவது, காத்திருப்புப் பட்டியல். வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுக்கும் டிக்கெட் பொதுக் கோட்டாவில் வரும். நடுவழி ஸ்டேஷனிலிருந்து எடுத்தால் பல வண்டிகளில் 'பூல்டு' அல்லது 'ரிமோட் லொகேஷன்' கோட்டாவில் போய் உட்காரும். அவற்றுக்கு ஒதுக்கிய படுக்கைகள் குறைவு. எனவே பட்டியலில் 10ஆம் எண் என்றால்கூட உறுதியாகும் என்று நம்ப முடியாது. பொதுக் கோட்டாவில் 30 நகரும், இதில் 10 நகராது. பண்டிகைக் காலத்தில் பலர் செய்வது, மும்பையிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறுமிடத்தைத் தௌண்ட் என்று குறிப்பிடுவது. கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் இது முறையான வழிதான். ஏறுமிடத்தைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு "தௌண்டில் ஏறிக்கொள்ளலாம்" என்று இருந்தால், மும்பையில் நீங்கள் ஏறவில்லை என்று பரிசோதகர் உங்கள் படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அவர்மேல் தப்பும் இல்லை. ஏறுமிடத்தை மாற்றிய பிறகு பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தேதி. மும்பையில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் வண்டி தௌண்டுக்கு வருவதற்குள் நள்ளிரவு தாண்டி அடுத்த தேதி பிறந்துவிடும். மும்பையிலிருந்து எடுத்த டிக்கெட்டில் மும்பைத் தேதி இருக்கும். 12ஆம் தேதி டிக்கெட் என்றால் 12ஆம் தேதி இரவு வீட்டைவிட்டுக் கிளம்பி, 13ஆம் தேதி விடிகாலை ஏற வேண்டும். நேரே தௌண்டிலிருந்து எடுத்தால் டிக்கெட்டில் 13 என்றே இருக்கும். அப்போதும் கிளம்ப வேண்டியது 12 இரவுதான். 13ஆம் தேதி இரவு சாவகாசமாகப் புறப்பட்டுப் போய் ஏமாந்தவர்கள் நம்மில் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவர்களே இதைப் படித்துச் சிரித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, முன்பதிவு நாள். 120 நாள் முன்பாக எடுத்த பழக்கம் இன்னும் பலருக்குப் போகவில்லை. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமானால் நவம்பர் மத்தியிலேயே விழித்திருக்க வேண்டும். தட்கல், முதல் நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் இணையம் வழியாகத் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். காலை 10 மணிக்கு உட்கார்ந்துகொண்டு ஆதாரைத் தேடாதீர்கள்.

பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் கீழ்ப் படுக்கைக் கோட்டா இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது உண்டு. அந்தக் கோட்டாவில் எடுக்கும்போது ஒரே டிக்கெட்டில் இளையவர்களைச் சேர்த்தால் அந்த வசதி கிடைக்காது. பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுங்கள். பிள்ளைகளில் 5 வயது முடிந்து 12 ஆகாதவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம்.

தௌண்டில் சில மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. பகல் என்றால் சித்தடேக் போய் வரலாம். சுமார் 20 கிலோமீட்டர்தான். பீமா நதியின் வடகரையில் இருக்கும் சித்திவிநாயகர், அஷ்டவிநாயகர்களில் வலம்புரியாகத் துதிக்கை திரும்பிய ஒரே பிள்ளையார். நம் ரஞ்சன்காவ் மகாகணபதியைப் பார்த்துக் கிளம்பி, சித்தடேக் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு ரயிலேறினால், எட்டில் இரண்டு முடிந்த கணக்கு. வீட்டிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் இது சாத்தியமே.

ரயிலேறிய பிறகு பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள், பகல் வண்டியாக இருந்தால். தௌண்டை விட்டு அரை மணி நேரத்தில் பிக்வன் வரும். உஜனி அணையின் நீர்த்தேக்கம் அந்தப் பக்கம் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கும். பொங்கலுக்குப் போகும் பருவம்தான் சரியான பருவம்.

காசிக்குப் போக முடியாமல் திரும்பிய பெரியவர்களைப் பற்றி வாசகர்கள் கேட்பார்கள். இரண்டு வாரம் கழித்துத் தட்கலில் இடம் கிடைத்தது. இந்த முறை மாப்பிள்ளை அவர்களைப் புனேயிலேயே கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.